சோளக் குருத்து

பாட்டு முடிந்து போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்த நேரம் பார்த்து சாராளின் மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. குணசுந்தரியின் பெயர் தெரிந்தது. எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது தடவையும் வரவே, தலையில் போட்டிருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்து எடுத்தாள்.

"சாராளு, மாடு செத்துப்போச்சிடி."

அழுகிறாளா கத்துகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். குணசுந்தரி சாராளின் ஊரிலேயே நெல் போடுகிறவள். கறவை மாடு ஒன்றை வீட்டு மனுஷியைப் போல வைத்திருந்தாள்.

"இன்னாக்கா ஆச்சி? நேத்து சாயங்காலம் கூட நல்லாத்தானே நின்னுக்கினு இருந்திச்சி?"

"நல்லாத்தான் இருந்திச்சி. உங்க ஊட்டுக்காரரு குடுத்த மூட்டைய ராத்திரி ஊற வச்சி, காலைல தொட்டில கொட்னேன். பாதி கூட துன்னுருக்காது. மூச்சு வாங்கிச்சி. கால ஒதைச்சிக்கினு வுயுந்திச்சி. டாக்டருக்குப் போன் பண்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிப்போச்சி. இன்னாத்தடி குடுத்தீங்க?"

சாராள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மூட்டைக்குள்ள இருந்தது எப்பிடி இருந்திச்சி? கேவுரு வேரு மாரி பொடியா இருந்திச்சா?"

"இல்லடி. செகப்பு சோளம். புல்லு காஞ்ச மாரி நீள நீளமா முளையோட."

அதற்கு மேல் குணசுந்தரி சொன்ன எதுவும் சாராளின் காதில் ஏறவில்லை.

காக்களூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கம்பெனியில் சாராள் தளப் பொறுப்பாளராக இருந்தாள். அங்கே தானியத்தை ஊறவைத்து, தரையில் பரப்பி முளைக்கவிட்டு, சரியான பதத்தில் உலர்த்தி மால்ட் ஆக்குவார்கள். கேழ்வரகு, கம்பு, சிவப்புச் சோளம், சில நேரம் மாப்பிள்ளைச் சம்பா. பெரிய ஆலைகள் தொடாத தானியங்கள். ஒரு தடவைக்கு ஒரு அறை கொள்ளுமளவுதான் போடுவார்கள். பெங்களூரில் பீர் காய்ச்சுகிறவர்களும், கோவாவில் விஸ்கி வடிக்கிற ஒருவரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு மால்ட்டை வறுக்கும் நாட்களில் தெரு முழுக்க பிஸ்கட் வாசனை அடிக்கும். ஆனாலும் அக்கம்பக்கத்தில் அதற்கு 'சாராயக் கம்பெனி' என்றுதான் பெயர். முதலாளி அன்புராஜ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார். இங்கே ஒரு சொட்டு சாராயமும் கிடையாது, தானியம் மட்டும்தான் என்று. யார் கேட்டார்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அன்புராஜ் அவளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். கேழ்வரகின் வேரும் முளையும் மாட்டுக்கு நல்லது. சோளம் அப்படியில்லை. சோளம் முளைவிட்டால் அந்தக் குருத்திலும் வேரிலும் விஷம் ஊறும், சயனைடு. அதனால்தான் முளை சின்னதாக இருக்கும்போதே நிறுத்தி, உலர்த்தி, சல்லடையில் தேய்த்து, வேரையும் குருத்தையும் பொட்டு மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு வெறும் மணியை மட்டும் எடுப்பார்கள். உதிர்ந்ததைக் குழி தோண்டிப் புதைப்பார்கள்.

இந்தத் தடவை சோளம் போட்டிருந்தபோது புயல் மழையில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் படுத்துக்கொண்டது. காற்று விசிறி ஓடாமல், அறையில் கிடந்த சோளம் சூடேறி, கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. கரண்ட் வந்து கதவைத் திறந்தபோது தரை முழுக்க விரல் நீளத்துக்குப் பச்சை. வயலைப் பார்ப்பது போல இருந்தது. இனி அது எதற்கும் ஆகாது. அழுகி நாறக்கூடாதென்று லேசான சூட்டில் உலர்த்தி மூட்டை கட்டினார்கள். "புதைச்சிடுங்க சாராள்" என்றார் அன்புராஜ். குழியில் மழைத் தண்ணீர் நின்றது. வடியட்டும், அப்புறம் புதைக்கலாம் என்று அவள்தான் மூட்டைகளைக் கொட்டகைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். பக்கத்திலேயே மாட்டுக்குப் போகும் கேழ்வரகு வேர் மூட்டைகளும் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்கு.

அவளுடைய புருஷன் பீட்டர் சொந்தமாக டாட்டா ஏஸ் ஓட்டுகிறவன். கம்பெனி லோடும் அவன்தான் அடிப்பான். வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்திருக்கிறான், மாட்டு மூட்டையென்று நினைத்து எடுத்துப் போயிருக்கிறான். அவன் வந்தபோது அவள் உலர்த்தும் அறைக்குள் இருந்தாள். ஹாரன் சத்தம் கேட்டது கூட நினைவிருக்கிறது. வெளியே வந்து பார்க்கவில்லை.

கோயிலுக்குள் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பீட்டரைக் கையைக் காட்டி வெளியே வரவழைத்தாள்.

"கொட்டாயிலேர்ந்து எத்தினி மூட்டை எடுத்தீங்க?"

"மூணு. இன்னாத்துக்கு?"

"மூணும் குணசுந்தரியக்காவுக்கா?"

"ரெண்டு அவங்களுக்கு." பீட்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான். "ஒண்ணு நம்ம கிறிஸ்டினாவுக்கு. பள்ளிப்பட்டு லோடு போச்சில்ல, போற வழில எறக்கிட்டுப் போனேன். ஒரு மூட்டை வாய் அவுந்திருந்திச்சி, பாத்தா முளைகட்ன சோளம். சத்துமாவுக்கு ஆகும்னு..."

கிறிஸ்டினா பீட்டரின் தங்கை. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தாள். குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றாள்.

சாராள் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.    "அது வெஷங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டதும் வண்டியில் ஏறியதும் எப்படியென்று பிற்பாடு அவளுக்கு ஞாபகமே வரவில்லை. திருவள்ளூர் தாண்டுவதற்குள் கிறிஸ்டினாவுக்கு எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் நிதானமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்டினாவும் கோயிலில்தான் இருப்பாள்.

கிறிஸ்டினாவின் புருஷன் சாம்சன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே ரூம் எடுத்திருந்தான். அவன் எடுத்தான்.

"அந்த மாவா அண்ணி? அரைச்சிட்டாளே. சோளம் நல்லா காஞ்சி வாசனையா கீது, வறுக்கவே வேணாம்னு சொன்னா. நேத்தே பாக்கெட் போட்டு காலனில குடுத்துட்டா."

"ஷைனிக்குக் குடுத்தாளா?"

ஷைனி அவர்களுடைய ஒரே மகள், இன்னும் பள்ளிக்கூடம் சேராதவள்.  சாம்சன் ரொம்ப மெதுவாகக் கேட்டான். "ஏன் அண்ணி?"

சொன்னாள். ஆலை இரைச்சலுக்கு நடுவே அவன் மூச்சு விடுவது கேட்டது. அக்கம்பக்கத்து நம்பர் எதுவும் அவனிடம் இல்லை; போதகருக்குப் போடுகிறேன் என்று வைத்தான். சற்றுக் கழித்துக் கூப்பிட்டு, அவரும் எடுக்கவில்லை என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

திருத்தணி சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. பீட்டர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறானா, தன்னையே திட்டிக்கொள்கிறானா என்று சாராள் கேட்கவில்லை. அவளுக்கும் ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் கால் விறைத்துக் கிடக்கும் மாடு தெரிந்தது. அந்த இடத்தில் ஷைனியின் கால்கள் தெரிந்தன. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

அன்புராஜுக்குப் போட்டாள். கேட்டவுடன் அவர் குரல் உடைந்துவிட்டது.

"சாராள், நான் சொல்றதக் கேளுங்க. பாக்கெட்டையெல்லாம் திரும்ப வாங்கிடுங்க. மாவுல பூச்சி இருக்கு, வேற தர்றோம்னு சொல்லுங்க. விஷம்ங்கிற வார்த்தைய மட்டும் வெளிய விட்றாதீங்க. சாராயக் கம்பெனியில விஷம்னு ஒருத்தன் போன்ல போட்டா போதும், ஊரே திரண்டு வரும். நம்மள விளக்கம் சொல்ல விட மாட்டாங்க."

"சார், பூச்சின்னு சொன்னா சலிச்சிட்டு குடுப்பாங்க சார். இங்க யாரு மாவத் தூக்கிப் போடுவாங்க?"

 அவரும் பயத்தில்தான் பேசினார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அதே பயம் இருந்தது. கூட்டம் வரும், போலீஸ் வரும், யார் மூட்டையைக் கொட்டகையில் வைக்கச் சொன்னது என்று கேட்பார்கள். பூச்சி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று ஒரு கணம் அவளும் நினைத்தாள். நினைத்ததற்காக உடம்பு கூசியது.

காலனியில் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. கிறிஸ்டினாவின் வீடு பூட்டிக் கிடந்தது. தெருக்கோடியில் இருந்த சின்னக் கோயிலிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. சாராள் இறங்கி ஓடினாள். வாசலுக்குப் பக்கத்துப் பாயில், பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருந்தாள் கிறிஸ்டினா. மடியில் ஷைனி. குழந்தை தலை சாய்ந்து, கண் மூடிக் கிடந்தது.

சாராளின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. அருகே போகப் பயமாக இருந்தது. குழந்தை கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"கிறிஸ்டினா, இவளுக்கு அந்த மாவக் குடுத்தியா?"

"இன்னா அண்ணி, இங்க வந்து நிக்கிற?" கிறிஸ்டினா திகைத்து எழுந்தாள். "இவ எங்க கஞ்சி குடிக்கிறா? இட்லிதான் துன்னா. ஏன், இன்னா ஆச்சி?"

"யார் யாருக்குக் குடுத்த?"

"நம்ம தெருவுல ஏழெட்டு ஊட்டுக்கு. சொல்லேன் அண்ணி, இன்னா?"

ஏழெட்டு வீடு. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதென்றால் எவ்வளவு நேரம்? யார் வயலுக்குப் போனார்கள், யார் சந்தைக்குப் போனார்கள்?  சாராள் செருப்புக் காலோடு உள்ளே நடந்தாள். போதகர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கக்கூட இல்லை, பிடுங்கினாள்.

"நான் காக்களூர் கம்பெனில வேலை செய்றவ. என் பேரு சாராள். கிறிஸ்டினா குடுத்த சத்துமாவுல வெஷம் கீது. சோளக் குருத்து வெஷம். யாரும் துன்னாதீங்க. கொழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க. குடுத்திருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுங்க. தப்பு என்னோடது. அவளுக்கு ஒண்ணியும் தெரியாது."

அவளுடைய குரலே வேப்பமரத்தில் கட்டிய ஸ்பீக்கரிலிருந்து எதிரொலித்துத் திரும்பி வந்தது. யாரோ ஒருத்தியின் குரல் போலக் கேட்டது. திரும்பவும் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்கள் எழுந்து அலறிக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். "அடிப்பாவி" என்று ஒருத்தி அவள் தோளை இடித்துத் தள்ளிவிட்டுப் போனாள். கிறிஸ்டினா குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். பல வீடுகளில் பாக்கெட்டைப் பிரிக்கவேயில்லை. ஒரு வீட்டில் மட்டும் திறந்த பானையில் நெடுநேரம் கொதிக்கவைத்துக் காய்ச்சியிருந்தார்கள். குடித்த பெரியவருக்கு லேசான தலைசுற்றல், வேறொன்றுமில்லை. நன்றாகக் கொதித்தால் அந்த விஷத்தில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும் என்று சாராளுக்குத் தெரியும். அவள் மனது கொஞ்சம் ஆறத் தொடங்கியது.

அப்போது கிறிஸ்டினா தலையைத் தூக்கினாள். "ஜோதி வரல" என்றாள். "ஜோதிலட்சுமி. கத்திரித் தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போவா. புள்ளையும் அவகூடத்தான் இருக்கும்."

அந்தத் தோட்டம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். ஸ்பீக்கர் சத்தம் அவ்வளவு தூரம் போகாது. ஏஸ் வண்டி பாதியிலேயே சேற்றில் சிக்கிக்கொண்டது. சாராள் இறங்கி வரப்பில் ஓடினாள். பீட்டர் பின்னால் வந்தான். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். தோட்டத்து முனையில், புங்கமரத்தடியில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"நைனா, கண்ணத் தொறடா. நைனா, இங்க பாருடா."

பையனுக்கு இரண்டு வயதிருக்கும். தலை தொய்ந்து தொங்கியது. வாந்தி எடுத்திருந்தான். நெஞ்சு மட்டும் வேகமாக, நாய்க்குட்டிக்கு இரைப்பதைப் போல ஏறி இறங்கியது. மரத்தடியில் ஒரு பிளாஸ்க்கும், அடியில் செம்மண் நிறக் கஞ்சி ஒட்டிய டம்ளரும் கிடந்தன. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மாவை வெந்நீரில் வெல்லம் போட்டுக் கரைத்து எடுத்து வந்திருக்கிறாள். கொதிக்க வைக்கவில்லை.

சாராள் குழந்தையை அவள் தோளிலிருந்து வாங்கினாள். "யாரு நீ? எம் புள்ளைய இன்னா பண்ற?" என்று ஜோதிலட்சுமி கத்தினாள். பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஓடிக்கொண்டே சொன்னாள். எது கேட்டதோ, எது கேட்கவில்லையோ, ஜோதிலட்சுமி கூடவே ஓடி வந்தாள். சேற்றிலிருந்து வண்டியைத் தள்ள யாரெல்லாமோ வந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உடம்பு ஒருமுறை விறைத்து வெட்டியது. சாராள் வண்டியில் தன் காதை அதன் வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு வந்ததும் அடுத்தது வருமா என்று காத்திருப்பாள். வரும். மறுபடி காத்திருப்பாள். அவள் வாழ்நாளில் அதைப்போல ஒரு வழியைக் கடந்ததில்லை.

ஆர்.கே.பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம் பெண். "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

பீட்டரின் கையிலிருந்த போன் அடித்தது. அன்புராஜ். சாராள் அதைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"சயனைடு டாக்டர். அஞ்சாறு நாள் முளைவிட்ட சோளம். குருத்தோட அரைச்ச மாவு. கொதிக்க வைக்கல. காலைல இதே சோளத்தத் துன்ன மாடு செத்துப்போச்சி."

டாக்டர் ஒரு வினாடி அவளையே பார்த்தார். அதற்கப்புறம் அவர் நடக்கவில்லை, ஓடினார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, இன்ன விஷம், இன்ன மருந்து தயாராக இருக்கட்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். சாராள் ஆம்புலன்ஸில் ஏறும்போது அவளிடம், "நீங்க சொல்லலன்னா ஃபிட்ஸுன்னு நெனச்சி வேற வைத்தியம் பண்ணியிருப்பேன்" என்றார்.

சாயங்காலம் பையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த ஜோதிலட்சுமி, நடைபாதையில் நின்றிருந்த சாராளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். காது கொய்யென்றது. பீட்டர் நடுவே வர, சாராள் அவனை விலக்கினாள். ஜோதிலட்சுமி அவளைப் பார்க்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அழுதாள். அன்புராஜ் அங்கே வந்து சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. போலீஸ்காரர் எழுத ஆரம்பித்ததும், "அந்தப் பொண்ண மட்டும் கேக்காதீங்க, நான்தான் கம்பெனிக்காரன்" என்று முன்னால் வந்து நின்றார். சாராள் ஒன்றையும் மறைக்கவில்லை, கொட்டகை உட்பட.

அன்புராஜ் பயந்தது நடந்தது. சாராயக் கம்பெனி விஷம் என்று போனுக்குப் போன் பரவியது. கேட்டில் கல் விழுந்தது. விசாரணை முடியும்வரை கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். குணசுந்தரிக்கு அன்புராஜ் வேறு மாடு வாங்கிக் கொடுத்தார். அவள் அதை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிறிஸ்டினாவிடம் யாரும் மாவு வாங்குவதில்லை. அவள் ஷைனியோடு சாம்சனிடமே போய்விட்டாள். பண்டிகைக்குக் கூட அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாராள் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு ரயில் மாறிப் போய் வருகிறாள். வீட்டில் சோறு வடித்தால் தான் முதலில் ஒரு வாய் தின்று, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பீட்டருக்குப் போடுகிறாள். 

தை பிறந்த பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்தக் காலனிக்குப் போனாள். ஜோதிலட்சுமி வாசலில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பையன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஒரு முறுக்கை வாயில் திணித்துக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடியவன், திடீரென்று நின்று இருமினான்.  சாராளின் கை தானாக நீண்டது.

பையன் விழுங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஜோதிலட்சுமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எண்ணெய் வடிந்த ஒரு முறுக்கை எடுத்து, கை நீட்டித் தராமல், தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"துன்னு," என்றாள். "எங்க ஊட்டுதுதான். ஒண்ணும் ஆவாது."

சாராள் வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள்.